கர்நாடக சங்கீதம் படிக்கும் மகளுக்கு இசை வழியாகப் பள்ளியில் இடம் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். என் மகள் இயர் 5 (ஆரம்பப் பள்ளியின் கடைசிக்கு முந்தைய வகுப்பு) படிக்கிறாள். ஐந்து வயதில் வாய்ப்பாட்டு தொடங்கினாள், பிறகு வயலினும் சேர்ந்தது. இரண்டும் கர்நாடக முறையில்தான். சில அரசு செகண்டரி பள்ளிகளில் இசைத் திறனுக்கென்று தனி இடங்கள் உண்டு என்று கேள்விப்பட்டோம். ஆனால் தெரிந்தவர்கள், "கர்நாடக சங்கீதம் அங்கே எடுபடாது, அதை நிறுத்திவிட்டு மேற்கத்திய முறையில் பியானோ கிரேடு 5 பரீட்சை முடிக்கப் பாருங்கள்" என்கிறார்கள். அந்த இடங்களுக்கு வைக்கும் பரீட்சைக்கென்றே ஒரு டியூஷன் நிலையம் பெரிய தொகை கேட்கிறது. என் கணவருக்கோ இது கொல்லைப்புற வழியாகத் தெரிகிறது. நான் யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதியவள், ஆனால் மேற்கத்திய இசை தெரியாது. மகள் மேடையில் தைரியமாகப் பாடுவாள். முன்பின் தெரியாதவர் கேள்வி கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டாள். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. பாட்டையும் வயலினையும் நிறுத்தாதீர்கள். இந்தப் பரீட்சைக்கு வேண்டிய காதில் பெரும்பகுதியை உங்கள் மகளின் குரு ஏற்கெனவே கொடுத்திருக்கிறார். அதை இந்த நேரத்தில் கைவிட்டு, பழக்கமில்லாத பியானோவில் அவசரமாக ஒரு கிரேடு எடுக்கவைப்பது, கையில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைத் துரத்துவதாகிவிடும். லண்டன் பள்ளிகளில் வயலின் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில், கர்நாடக வகுப்பிலிருந்து வரும் பிள்ளைகளின் காது எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதைச் சில மாதங்களில் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம், அதுவும் உங்களாலேயே.

பெரும்பாலும் இந்தப் பரீட்சை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் பிள்ளைகள் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டு, விடைத்தாளில் குறிக்க வேண்டும். வாத்தியம் தேவையில்லை, இசைக் குறியீடு படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. இதில் நன்றாகச் செய்தவர்களை மட்டும் இரண்டாம் கட்டத்துக்கு, அதாவது நேரில் பாடியோ வாசித்தோ காட்டும் ஆடிஷனுக்கு, அழைப்பார்கள். முதல் கட்டத்தோடு முடித்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு.

இந்தக் காதுப் பரீட்சைகளில் பல, ரெடிங் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்னல்ட் பென்ட்லி 1966இல் வெளியிட்ட அளவைகளின் வழியில் வந்தவை. அதில் மொத்தம் 60 கேள்விகள். இரண்டு சுரங்களில் எது உயரம் என்று 20, மெட்டு நினைவில் 10, ஒன்றாக ஒலிக்கும் சுரங்களை எண்ணுவதில் 20, தாள நினைவில் 10. எண்ணிக்கை பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆனால் இந்த நான்கு வகையும் திரும்பத் திரும்ப வரும்.

சுர உயரத்தில் உங்கள் மகளுக்குப் பயமே வேண்டாம். இரண்டாவது சுரம் ஏறியதா, இறங்கியதா, அப்படியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அரைச் சுரத்தில் தொடங்கி, போகப்போக அதைவிட மிகச் சிறிய வித்தியாசமாகக் குறைந்துகொண்டே போகும். சுருதி விலகினால் வில்லை நிறுத்தி விரலை நகர்த்தப் பழகியவளுக்கு இது புதிதல்ல. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி வையுங்கள்: பின்னால் தம்பூரா இருக்காது, கேள்விக்குக் கேள்வி சுருதி மாறும். தான் வழக்கமாகப் பாடும் சுருதியின் ஸட்ஜத்தை மனதில் பிடித்துக்கொண்டு அதோடு ஒப்பிடப் பார்த்தால் குழம்பிப்போவாள். ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் கேட்கும் சுரமே அந்த நேரத்து ஸ என்று வைத்துக்கொள்ளட்டும்.

மெட்டு நினைவில், ஐந்து சுரங்கள் கொண்ட சிறு மெட்டு இரண்டு முறை வரும். இரண்டாம் முறை ஒரு சுரம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். மாறியது எத்தனையாவது என்று எழுத வேண்டும். இங்கே நம் பிள்ளைகள் வழுக்குவது கமகத்தில். கேட்டதை மனதுக்குள் பாடிப் பார்க்கும்போது தன்னை அறியாமலே ஒரு அசைவைச் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு எது கேட்டது, எது சேர்த்தது என்று பிரிக்க முடிவதில்லை. கேட்டதை நெளிவில்லாமல், பியானோ போல வெறுமையாக, மனதில் நிறுத்தப் பழக்குங்கள். நீங்கள் ஐந்து சுரங்களை 'லா லா' என்று பாடுங்கள். அவள் ஒரு கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியபடி கேட்கட்டும். மாறிய இடத்தில் மடங்கிய விரல்தான் விடை.

தாளத்துக்கும் அதே விரல்தான், ஆனால் நான்கு. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிப் பழகியவளுக்கு நான்கு அடி ஒரு பொருட்டில்லை. அடிக்கு ஒரு தட்டு என்றால் 'தா', இரண்டு என்றால் 'தக', மூன்று என்றால் 'தகிட', நான்கு என்றால் 'தகதிமி'. மண்டபத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது, ஆகவே மனதுக்குள் சொல்லிக்கொள்ளட்டும். 'தா தக தா தகதிமி' என்று கேட்டது இரண்டாம் முறை 'தா தக தகிட தகதிமி' ஆகியிருந்தால் விடை மூன்று. இந்தத் தாளச் சொற்கள் (சொல்கட்டு) தெரியாத பிள்ளைகள் இதற்கு ரொம்பத் திணறுகிறார்கள், உங்கள் மகளுக்கு விளையாட்டாக இருக்கும்.

இப்போது அந்த இல்லாத ஒன்றுக்கு வருகிறேன். இரண்டு, மூன்று அல்லது நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, எத்தனை என்று கேட்பார்கள். பென்ட்லியின் கணக்கில் இது மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு. நம் இசையில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான், அடுத்தது அதன் பின்னால் வரும். சுரங்களை அடுக்காகக் கேட்கும் பழக்கம் நம் வகுப்பறையில் இல்லை. அதனால் சுருதி சுத்தமாகப் பாடும் பிள்ளைகூட இங்கே வந்ததும் ஊகித்து எழுதத் தொடங்கிவிடுகிறது. திறமைக் குறைவு என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் கீபோர்டு இல்லையென்றால் போனில் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரமும் ஸ-வும் ப-வும் மட்டும், சேர்த்து அழுத்துங்கள். அடியில் இருப்பதை அவள் முனகட்டும், பிறகு மேலே இருப்பதை. அடுத்து இரண்டுக்கும் நடுவில் அந்தர காந்தாரத்தைச் சேருங்கள். ஸ-க-ப, சங்கராபரணத்தில் அவள் ஆயிரம் தடவை பாடிய சுரங்கள்தான். இப்போது மூன்றும் ஒன்றாக வருகின்றன. அடி, உச்சி, பிறகு நடுவில் ஒளிந்திருப்பது என்ற வரிசையில் தேடச் சொல்லுங்கள். மேல் ஸட்ஜத்தையும் சேர்த்தால் நான்கு. அதுதான் கஷ்டமானது, ஏனென்றால் கீழ் ஸ-வும் மேல் ஸ-வும் காதில் ஒன்றாகக் கரைந்துவிடும். அதில் நிறைய நாள் இருங்கள். அப்புறம் சுரங்களை மாற்றி, நெருக்கமாகவும் விலக்கியும் அடுக்குங்கள். தினம் பத்து நிமிடம் போதும், அதற்குமேல் காது களைத்துவிடும்.

இன்னொரு பயிற்சியும் உண்டு, எனக்கு இது மிகவும் பிடிக்கும். நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவை ஓடவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு அவளை உட்காரவையுங்கள். மந்தர ஸட்ஜத் தந்தி ஒலித்து அடங்கும்போது, யாருமே மீட்டாத ஒரு காந்தாரம் மெல்ல எழும். நம் பெரியவர்கள் அதைச் சுயம்பு காந்தாரம் என்றார்கள். அதைப் பிடித்துவிட்ட காது, ஒரு ஒலிக்குள் இன்னொரு ஒலியைத் தேடக் கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள்.

ஆடிஷனுக்கு வருவோம். கர்நாடக வயலினோ வாய்ப்பாட்டோ ஏற்பார்களா என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டாம். பள்ளியின் அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். எந்த வாத்தியமும் குரலும் சரி என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. கேட்டதை அப்படியே பாடிக்காட்டு, கைதட்டிக் காட்டு என்ற சோதனைகளும் இதிலேயே சேர்ந்து வரலாம். முன்பின் பார்க்காத இசைக் குறியீட்டைப் பார்த்து வாசிக்கச் சொல்வார்களா என்பதையும் அதே மடலில் கேட்டுவிடுங்கள்.

என்ன வாசிப்பது? இரண்டு சிறிய உருப்படிகள். ஒன்று, மோகன வர்ணம் 'நின்னுக்கோரி', முத்தாயி சுரம் (வர்ணத்தின் முதல் பாதி முடியும் இடம்) வரை, இரண்டு காலத்தில், அதாவது முதலில் மெதுவாக, பிறகு இரு மடங்கு வேகத்தில். ஐந்தே சுரங்கள் உள்ள ராகம் மேற்கத்தியக் காதுக்கு அந்நியமாக இருக்காது, இரண்டாம் காலம் அவளுடைய லயத்தைத் தெளிவாகக் காட்டிவிடும். இன்னொன்று, முத்துஸ்வாமி தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்தியங்களில் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னையில் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்', பிரிட்டனின் தேசிய கீத மெட்டிலேயே அமைந்தது. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர். உங்கள் மகள் கமகத்தோடு ஒன்றும் கமகமில்லாமல் ஒன்றும் வாசித்தால், இரண்டு மரபும் அவள் கையில் இருப்பது விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும்.

அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பும் தட்டச்சு செய்து கொடுத்தனுப்புங்கள். ராகத்தின் ஆரோகணம் அவரோகணம் ஐரோப்பியச் சுரப் பெயர்களில், தாளம் எட்டு எண்ணிக்கை, தந்திகள் ஜி-டி-ஏ-ஈ என்றில்லாமல் ஸ-ப-ஸ-ப என்று கட்டியிருக்கிறது, அவள் தரையில் உட்கார்ந்து வாசிப்பாள், ஒரு விரிப்பு கொண்டுவருவாள். இவ்வளவு போதும். இதைச் சொல்லாமல் விட்டால், கேட்பவர் முதல் நிமிடம் முழுவதும் வயலின் சுருதி கலைந்திருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டிருப்பார். அந்த நிமிடம் உங்கள் மகளுடையது, வீணாகக் கூடாது.

இனி சட்டமும் தேதிகளும். இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி, இசை உள்ளிட்ட நிகழ்த்துகலைகள், விளையாட்டு போன்ற சில பாடங்களில் தனித்துவம் காட்டும் பள்ளி, தன் இடங்களில் 10 சதவீதம் வரை திறன் அடிப்படையில் கொடுக்கலாம். 180 பேரை எடுக்கும் பள்ளியில் அதிகபட்சம் 18. கட்டணப் பள்ளிகளின் மியூசிக் ஸ்காலர்ஷிப்போடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைப்பது, மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும், 2025 ஜனவரியிலிருந்து அதன்மேல் 20 சதவீத வாட் வரியும் உண்டு. நாம் பேசுவது இலவச அரசுப் பள்ளி.

உங்கள் பக்கத்தில் வாட்ஃபோர்ட் கிராமர் பள்ளிகள் இரண்டு, பார்மிட்டர்ஸ், பாட்டர்ஸ் பாரில் டேம் ஆலிஸ் ஓவன்ஸ், மில் ஹில் கவுண்டி ஆகியவை இசை இடங்கள் வைத்திருப்பதாக அறியப்பட்டவை. மகளுக்கு என்பதால் வாட்ஃபோர்டில் பெண்கள் பள்ளி மட்டும்தான் பொருந்தும். விதிகள் ஆண்டுதோறும் மாறலாம். அடுத்த சேர்க்கைக்கான விதியைப் பள்ளிகள் பிப்ரவரி 28க்குள் முடிவுசெய்து, மார்ச் 15க்குள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும், ஆகவே அது இப்போதே உங்கள் கைக்கு எட்டும். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். இசை இடத்துக்கு எந்தப் பகுதியில் வசிக்க வேண்டும், மதிப்பெண் வரிசையில் எடுக்கிறார்களா அல்லது ஒரு வரம்பைத் தாண்டியவர்களில் தூரம் பார்த்தா, சமமாக வந்தால் என்ன செய்கிறார்கள். வேறு கவுன்சில் எல்லையில் வசிப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்பது 1989 கிரெனிச் தீர்ப்பு. ஆனால் நியாயமான முறையில் வகுத்த பகுதி எல்லை செல்லும், அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

பரீட்சைக்குப் பள்ளியிடம் நேராகப் பதிய வேண்டும். பெரும்பாலும் இயர் 5 வசந்தத்திலும் கோடையிலும் பதிவு, இயர் 6 தொடக்கத்தில் பரீட்சை. பல பெற்றோர் செப்டம்பரில்தான் விழித்துக்கொள்கிறார்கள், அதற்குள் கதவு மூடியிருக்கும். பள்ளிக்கென்று தனித் துணைப் படிவம் இருந்தால் அதையும் அனுப்ப வேண்டும். இவற்றுக்குப் புறம்பாக, உங்கள் ஹாரோ கவுன்சில் வழியாகப் பொதுப் படிவம், அக்டோபர் 31க்குள். வாட்ஃபோர்ட் போன்ற ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதிப் பள்ளியானாலும் ஹாரோ படிவத்தில்தான் எழுத வேண்டும். பரீட்சையில் தேறிவிட்டு, படிவத்தில் அந்தப் பள்ளியின் பெயரை எழுதாமல் விட்டால் இடம் இல்லை. பரீட்சை முடிவை அக்டோபர் 31க்கு முன் சொல்ல எல்லா நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது விதி, ஆனால் நல்ல முடிவு வந்தாலும் அது இடம் கிடைத்ததாக அர்த்தமில்லை. இட அறிவிப்பு மார்ச் 1 அன்று, விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில்.

டியூஷன் நிலையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வி எப்படி வரும், விடைத்தாளில் எங்கே குறிப்பது என்ற பழக்கம் கட்டாயம் வேண்டும். பள்ளிகளே சில நேரம் மாதிரிக் கேள்விகளைத் தருகின்றன, மீதியை நான் மேலே எழுதிய பயிற்சிகளால் நீங்களே செய்துவிடலாம். சங்கீத சபைப் பரீட்சைக்கு உட்கார்ந்தவர் நீங்கள், உங்கள் காதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அந்தப் பணத்தில் அவளுடைய வயலின் வில்லுக்குப் புதுக் குதிரைமுடி போடுங்கள்.

உங்கள் கணவருக்கு என் பதில்: இது சட்டத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கும் வாசல், யாரும் மறைத்து வைக்கவில்லை. ஆனாலும் அவருடைய சங்கடத்தை நான் மதிக்கிறேன். முதல் கட்டம் எந்தப் பிள்ளைக்கும் பொதுவானது, பாடமே படிக்காத பிள்ளையும் அதில் மேலே வர முடியும். ஆடிஷன் அப்படி இல்லை. வருடக்கணக்கில் வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது நிச்சயம் சாதகம். அந்த அநியாயத்தை உங்கள் மகள் விண்ணப்பிக்காமல் இருந்து சரிசெய்ய முடியாது. அவர் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பள்ளியின் குழுப்பாட்டிலும் ஆர்கெஸ்ட்ராவிலும் சேர உனக்கு ஆசையா? சேர்ந்தபின் பங்கெடுக்கவில்லை என்று இடத்தைப் பறித்துவிட மாட்டார்கள். ஆனால் இசைக்காக இடம் கொடுத்த பள்ளி அவளை அங்கே எதிர்பார்க்கும், எதிர்பார்ப்பதும் நியாயம். அவளுக்கு ஆசை இல்லையென்றால், மற்ற பிள்ளைக்கு அந்த இடம் போகட்டும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

தெரியாதவர் முன் வாய் திறக்காத விஷயம் சரியாகிவிடும், ஆனால் மேடை ஏற்றினால் சரியாகாது. மேடையில் யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லையே. ஆடிஷனில் நடப்பது சின்ன உரையாடல்: அவர் ஒரு வரி பாடுவார், அவள் திருப்பிப் பாட வேண்டும். அவர் தட்டுவார், அவள் தட்ட வேண்டும். உங்கள் சினேகிதிகள் வீட்டுக்கு வரும்போது ஆளுக்கு ஒரு வரி பாடச் சொல்லி அவளைத் திருப்பிப் பாடவையுங்கள். பியானோ தெரிந்த அவளுடைய பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் கேளுங்கள், அநேகமாக மறுக்கமாட்டார். "இந்த வாத்தியத்தில் உனக்கு எது பிடிக்கும்?" என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் அவளே யோசித்து வைத்திருக்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்காதீர்கள், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பரீட்சை நாளுக்கு ஒன்று: ஒலிப்பதிவு நிற்காது. ஒரு கேள்வி தவறினால் அதை விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்கு விரலை நகர்த்த வேண்டும். போனதையே நினைத்துக்கொண்டிருந்து ஒரு வரி தள்ளிக் குறிக்கத் தொடங்கினால், அதன்பின் எழுதுவது எல்லாம் தப்பாகும். சளி பிடித்துக் காது அடைத்திருந்தால் அனுப்புவதற்கு முன் பள்ளிக்குச் சொல்லுங்கள், மாற்றுத் தேதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பொதுப் படிவத்தில் லண்டனில் ஆறு பள்ளிகள் எழுதலாம், ஆறையும் நிரப்புங்கள். நீங்கள் எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பதைப் பள்ளிகள் பார்த்து முடிவுசெய்வதில்லை, ஆகவே மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள். தூரத்தைப் பார்த்தால் நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய அருகிலுள்ள பள்ளி ஒன்று கட்டாயம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கும் திறந்த நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு போய், இசை அறை எங்கே இருக்கிறது, கர்நாடக வயலினுக்கு அங்கே இடம் உண்டா என்று கேட்டுவிட்டு வாருங்கள். மார்ச்சில் விரும்பிய இடம் வராவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31 வரையாவது அந்தப் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, செப்டம்பரில்கூட இடங்கள் நகரும்.